.308க்கு மலிவான ரீலோடிங் டை, பித்தளைக் கூடு: முதல் தடவை வாங்குபவர் எதை எடுப்பது?

மல்லியப்பூ_சந்தி (ஹட்டன்)

வணக்கம். இன்னும் நாலு மாதத்தில் நியூசிலாந்து தென்தீவில் ஒரு பால் பண்ணைக்கு வேலைக்குப் போகிறேன். பெரியம்மா மகன் அண்ணன் அங்கேதான் இருக்கிறார். லைசென்ஸ் உள்ளவர். .308 வின்செஸ்டர் போல்ட் துவக்கு வைத்து மானும் இமயமலை வரையாடும் சுடுகிறார். கடைத் தோட்டாவின் விலை ஏறிக்கொண்டே போவதால் சுட்ட கூட்டைத் திரும்ப நிரப்பலாம் என்று முடிவெடுத்து, சாமான் பட்டியல் போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். டையைப் பூட்டி அதற்குள் கூட்டை ஏற்றி அழுத்தும் பழைய ஒற்றை நிலை பிரஸ் ஒன்று அவரிடம் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

1. டை என்றால் கூட்டை நெரிக்கவும் சன்னத்தை அமர்த்தவும் உள்ள அச்சு. கம்பனிகளில் லீயின் டை செட் விலை குறைவு. ஆர்சிபிஎஸ், ஹோர்னடி அதைவிடக் கூட, ரெடிங், ஃபோர்ஸ்டர் இன்னும் கூட. மலிவானதை எடுத்தால் பிறகு கைகடிக்குமா?
2. பித்தளைக் கூடு புதிதாக வாங்குவதா, ஒரு தடவை சுட்டதை வாங்குவதா? எத்தனை?
3. முழுநீள டை, கழுத்து டை, ஸ்மோல் பேஸ் டை என்று மூன்று பெயர் வருகிறது. போல்ட் துவக்குக்கு எது?
4. தியத்தலாவைப் பக்கம் ஒரு நண்பர் பழைய ராணுவக் கூடு பொறுக்கித் தருகிறேன் என்கிறார். "7.62தானே, .308ம் அதேதான்" என்கிறார். கொண்டுபோகலாமா?

---

பழைய_பிட்டர் (தலவாக்கலை)

நாலாவதை முதலில் முடித்துவிடுவோம் தம்பி. தொடவே தொடாதீங்க. இலங்கையில் 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டமும் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் இருக்கு. இங்கே நாமாகத் தோட்டா நிரப்பும் பேச்சுக்கே இடமில்லை. சுட்ட கூடு என்றாலும் பையில் அகப்பட்டால் கட்டுநாயக்காவில் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டியது நீங்கதான், நண்பர் இல்லை. இந்த இழையில் பேசுவதெல்லாம் நீங்க அங்கே போய், அங்கத்தைய சட்டத்துக்குள் செய்யும் வேலைக்கு மட்டும்.

சட்டத்தை விட்டாலும் அந்தக் கூடு உங்களுக்கு உதவாது. நம்ம ராணுவத்தின் டி-56 துவக்கு சுடுவது 7.62×39. .308இன் ராணுவ உறவு 7.62×51. முதல் எண் ஒன்றே தவிர நீளம், அடியின் விட்டம், உள்ளிடம் எல்லாமே வேறு. சன்னம்கூட (குழலிலிருந்து பறக்கும் முனை) ஒன்றில்லை. .308இன் சன்னம் 7.82 மி.மீ, மற்றது 7.9 மி.மீக்குப் பக்கம். அதோடு 7.62×39 கூடுகளில் பெரும்பாலானவை இரும்பு, பர்டன் வகைப் பிரைமர் (பிரைமர் என்பது கூட்டின் அடியில் இருந்து தீ மூட்டும் சின்னத் தொப்பி). கூட்டுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் ஒரே ஓட்டை தெரிந்தால் அது பொக்ஸர் வகை, பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசி அதில் நேராக இறங்கும். ஓரமாக இரண்டு சின்ன ஓட்டை தெரிந்தால் பர்டன். அதில் ஊசியை அழுத்தினால் ஊசி வளையும், இல்லாவிட்டால் உடையும்.

இனி டைக்கு வருவோம். எல்லா டையும் ஒரே மரைதான், 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. எந்தக் கம்பனி டையும் உங்க அண்ணனின் பிரஸில் ஏறும். உள்ளே இருக்கிற குழியின் அளவு விலைக்கு ஏற்ற மாதிரி மாறாது. கூட்டை அது சைஸ் பண்ணும் (பழைய அளவுக்கு நெரிக்கும்) விதத்தில் லீக்கும் ஆர்சிபிஎஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம் தேடினால் கிடைக்காது. வித்தியாசம் சுற்றுச் சாமானில்தான்.

டையைப் பிரஸில் பூட்டும் லொக் ரிங்கைப் பாருங்க. லீயில் ரப்பர் வளையம் வைத்த ரிங். கையால் இறுக்கினால் டையின் இடத்தில் நிற்கும், ஆனால் டையைக் கழற்றும்போது தானும் சுழலும். அடுத்த தடவை போடும்போது அளவு மாறியிருக்கும். ஹோர்னடியிலும் ஃபோர்ஸ்டரிலும் நடுவில் வெட்டிய ரிங், பக்கத்து ஸ்குரூவை இறுக்கினால் டையைச் சுற்றிப் பிடிக்கும், கழற்றிப் போட்டாலும் அளவு அப்படியே. லீ டை செட் வாங்கி, ஹோர்னடி ரிங் மூன்று தனியாக வாங்கிப் போடுங்க. அதற்குப் பிறகும் மொத்தச் செலவு குறைவுதான்.

ஊசிக் கம்பி அடுத்தது. லீயில் கம்பியைப் பிடிப்பது மேலேயுள்ள கொலெட் நட். ஊசிக்கு முன்னால் ஏதாவது கெட்டியாக வந்தால் உடையாமல் மேலே வழுக்கிப் போய்விடும். அது நல்லதுதான். ஆனால் சரியாக இறுக்காவிட்டால் சாதாரண பிரைமருக்கே வழுக்கும். பலர் "லீ டை பழுது" என்று சொல்வது இதைத்தான். இரண்டு ஸ்பேனர் போட்டு நன்றாக இறுக்கினால் அந்தக் குறை தீர்ந்தது.

கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரை மறக்காதீங்க. லீ பேஸ்செட்டர் மூன்று டை செட்டில் அது கூடவே வரும். .308க்கு லீ கணக்கில் 2ஆம் நம்பர். ஆர்சிபிஎஸ், ஹோர்னடி, ரெடிங் செட் எடுத்தால் தனியாகக் காசு கொடுக்கவேண்டும். ஆர்சிபிஎஸ்ஸில் அதே கூட்டுக்கு 3ஆம் நம்பர். கம்பனிக்குக் கம்பனி நம்பர் மாறும், நம்பரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறவேண்டாம்.

என் கணக்கு இது: டையில் மிச்சம் பிடித்த காசை அளக்கும் சாமானில் போடுங்க. நல்ல கெலிப்பர் ஒன்று, .308க்கான கேஸ் கேஜ் (கூட்டை உள்ளே விட்டு அளவு சரியா என்று பார்க்கும் அச்சு) ஒன்று, நம்பகமான தராசு ஒன்று. அளக்கத் தெரியாதவர் கையில் ரெடிங் டை இருந்தாலும் கூடு இரண்டாகப் பிளக்கும்.

---

தென்தீவு_திரும்பி (பண்டாரவளை)

பிட்டர் ஐயா சொன்னதில் முக்கால்வாசி சரி. சைஸிங் டையைப் பொருத்தும் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் புதியவர்கள் கூட்டைக் கெடுப்பது அங்கேதான்.

அதற்கு முன் ஒன்று. தம்பி, அங்கே லைசென்ஸ் இல்லாதவர் தோட்டா தன்வசம் வைத்திருக்கக் கூடாது. போய் இறங்கியதும் முதல் வேலையாக லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை வாங்குவது, வைப்பது எல்லாம் அண்ணன் பெயரில், அண்ணன் வீட்டில்.

மூன்றாம் கேள்விக்கு: போல்ட் துவக்குக்கு ஸ்மோல் பேஸ் டை வேண்டாம். அது கூட்டின் அடிப்பக்கத்தைக் கூடுதலாக நெரிக்கும். தானியங்கித் துவக்கில் தோட்டா தடங்காமல் ஏற அது தேவைப்படலாம். போல்ட்டில் அது பித்தளையைச் சீக்கிரம் களைக்க வைப்பதைத் தவிர வேறு பயன் தராது. கூட்டின் உடலையும் கழுத்தையும் சேர்த்து நெரிக்கும் சாதாரண முழுநீள டை எடுங்கள்.

டை பெட்டியில் வரும் தாளில் "ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கு, பிறகு இன்னும் கால் சுற்று" என்ற மாதிரி போட்டிருக்கும். அப்படியே செய்தால் எந்தத் துவக்கிலும் தோட்டா ஏறும், அதற்காகத்தான் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் உங்கள் துவக்கின் சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) வேண்டியதைவிடத் தோள் (கூட்டின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) அதிகமாகப் பின்னால் தள்ளப்படும். அடுத்த வெடியில் கூட்டின் முன்பாகம் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பாகம் பின்னால் போல்ட்டை நோக்கி இழுபடும். இழுபட்ட இடத்தில் பித்தளை மெலியும். மூன்று நாலு தடவையில் அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அடுத்தது கூடு இரண்டாகிவிடும், சூடான வாயு பின்னால் வரும். "பித்தளை சரியில்லை" என்று கம்பனியைத் திட்டுவார்கள். பிழை டையைப் பொருத்தியதில்.

சரியான வழி, தோளை 0.03 முதல் 0.05 மி.மீ மட்டும் பின்னால் தள்ளுவது. காசு அதிகம் இல்லாமல் இதைச் செய்ய:

அதே துவக்கில் சுட்ட கூடு ஒன்றை எடுங்கள். பிரைமரைத் தட்டிவிடுங்கள், தோட்டா நிரப்பப்படாத வெறுங்கூடாக இருக்கவேண்டும். டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவில் ஒரு சுற்று இடைவெளி விட்டு ஆரம்பியுங்கள். மசகு தடவி, சைஸ் பண்ணி, துடைத்து, துவக்கில் வைத்துப் போல்ட்டை மூடிப் பாருங்கள். பிறகு டையைக் கொஞ்சம் இறக்கி மறுபடி. இங்கே புதியவர் பயப்படும் கட்டம் ஒன்று வரும். இறக்க இறக்கப் போல்ட் லேசாவதற்குப் பதில் முதலில் இன்னும் கடினமாகும். கூட்டின் உடலை டை நெரிக்கும்போது பித்தளை முன்னால் பிதுங்கித் தோள் முன்னால் போவதுதான் காரணம். டை இறங்கித் தோளைத் தொட்ட பிறகுதான் அது பின்வாங்கும். அந்தக் கட்டத்திலிருந்து மிகச் சின்னச் சின்னதாகத் திருப்பி, போல்ட் தடையில்லாமல் மூடும் இடம் வந்ததும் நிறுத்தி ரிங்கைப் பூட்டுங்கள். போல்ட்டில் பிரைமரை அடிக்கும் ஊசியும் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரும் கழற்றியிருந்தால் விரலுக்கு நன்றாகத் தெரியும். அண்ணனுக்குக் கழற்றத் தெரிந்தால் அப்படிச் செய்யட்டும்.

பித்தளை பற்றி. 100 கூடு போதும். ஒரே கம்பனி, ஒரே லொட் (சேர்த்துச் செய்த ஒரே தொகுதி). என் சிபாரிசு தனியாகக் கூடே வாங்காமல் இருப்பது. 20 தோட்டாப் பெட்டி ஐந்து, எல்லாம் ஒரே லொட் நம்பரில் வாங்கி, அண்ணன் துவக்கிலேயே சுட்டு, கூட்டைச் சேர்த்துவைக்கட்டும். வேட்டையும் நடந்தது, கூடும் கிடைத்தது, அந்தக் கூடு அந்தச் சேம்பரின் அளவுக்கே ஊதியும் இருக்கும். யார் துவக்கில், எத்தனை தடவை சுட்டது என்ற சந்தேகமும் இல்லை. தோட்டாக் கம்பனிகளில் பிபியூ நல்ல மலிவு. எஸ்அன்ட்பியும் பாவிக்கலாம், பிரைமர் குழி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். ஃபெடரல் பித்தளை மெத்து என்று பெயர், பிரைமர் குழி சீக்கிரம் தளரும். லாப்புவா மிகத் தரம், மிக விலை, ஆரம்பத்துக்குத் தேவையில்லை. வெட்டும்போதும் நெரிக்கும்போதும் முதல் பத்துப் பதினைந்து கூடு எப்படியும் பாழாகும், அது விலைகூடிய கூடாக இருக்கவேண்டாம்.

லாப்புவாவில் இன்னொரு பொறி இருக்கிறது. .308 பால்மா என்று ஒரு வகை, அதற்குச் சின்ன ரைபிள் பிரைமர். மற்ற .308 கூடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெரியது. பழைய கூட்டுப் பையில் இரண்டும் கலந்து கிடந்தால் பிரைமர் போடும்போதுதான் தெரியும்.

---

மல்லியப்பூ_சந்தி (ஹட்டன்)

ரொம்ப நன்றி ஐயா, அண்ணே. நாலாவதை அப்படியே விட்டுவிட்டேன், நண்பரிடமும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் இப்போது சொல்கிறார், அங்கே ஒருத்தர் 7.62×51 நேட்டோ கூடு ஒரு வாளி மலிவாகத் தருகிறாராம். இது .308தானே? எடுக்கலாமா? அடுத்தது, "சின்னச் சின்னதாகத் திருப்பி" என்றால் எவ்வளவு? கண் மதிப்புக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

---

பழைய_பிட்டர் (தலவாக்கலை)

நல்ல கேள்வி, கணக்காகவே சொல்லலாம். அங்குலத்துக்கு 14 மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு டை 1.81 மி.மீ இறங்கும். எட்டில் ஒரு சுற்று 0.23 மி.மீ. அதுவே உங்களுக்கு வேண்டியதைப்போல நாலைந்து மடங்கு. 10 பாகை திருப்பினால் 0.05 மி.மீ. அதுதான் உங்க அளவு. டையின் தலையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு, பிரஸில் ஒரு கோடு. டையின் வெளிவிட்டம் 22 மி.மீ சொச்சம், ஆகவே 10 பாகை என்பது விளிம்பில் 2 மி.மீக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஃபீலர் கேஜ் வாங்குங்க, பிளக் இடைவெளி பார்ப்போமே, அதே இலைதான். ராமை (ஷெல் ஹோல்டரைச் சுமந்து மேலே போகும் பிரஸின் தண்டு) கூடோடு மேலே ஏற்றி, டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவில் எந்த இலை நுழைகிறது என்று பாருங்க. கூடு இல்லாமல் வெறும் ராமை ஏற்றிப் பார்த்தால் ஏமாறுவீங்க. சுமை ஏறும்போது பிரஸ் கொஞ்சம் விரியும். வெறுமனே தொட்டுக்கொண்டிருந்த இடம் கூடு உள்ளே இருக்கும்போது திறந்துகொள்ளும்.

நேட்டோ கூடு: வெளியளவு டைக்குப் பொருந்தும், .308 டையிலேயே சைஸ் ஆகும். ஆனால் மூன்று சிக்கல். அடியில் வட்டத்துக்குள் சிலுவை முத்திரை இருந்தால் நேட்டோ என்று அர்த்தம். பிரைமர் குழியின் விளிம்பைச் சுற்றி நெரித்துப் பூட்டியிருப்பார்கள். பழைய பிரைமரைத் தட்டியபின் அந்த நெரிப்பை ஸ்வேஜ் பண்ணியோ (அழுத்தி விரித்தோ) ரீமர் போட்டோ (சீவியோ) எடுக்காமல் புதுப் பிரைமரை அழுத்தினால் அது நசுங்கும், வெடிக்கவும் கூடும். இரண்டாவது, அதன் சுவர் தடிப்பு. உள்ளிடம் குறைவு என்பதால் வணிகக் கூட்டுக்கு எழுதிய வெடிமருந்து அளவை அதில் போட்டால் அழுத்தம் ஏறும். மூன்றாவது, வாளியில் வந்த கூடு யந்திரத் துவக்கில் சுட்டதாக இருந்தால் சேம்பர் தாராளம், கூடு ஏற்கெனவே நீண்டு மெலிந்திருக்கும். ஆரம்பக்காரருக்கு வேண்டாம் என்பேன். வாளியின் விலை மலிவு, ஸ்வேஜ் சாமானின் விலை மலிவில்லை.

---

எட்டாம்_நம்பர்_மலை (நானுஓயா)

எல்லாரும் முழுநீள டையையே சொல்கிறீங்க. ஒரே துவக்கு, போல்ட், அதே துவக்கில் சுட்ட கூடு. இதற்கு லீ கொலெட் கழுத்து டைதான் அழகு. உள்ளே ஒரு உருக்குக் கம்பி, வெளியே நாலு விரல் மாதிரிக் கொலெட், நடுவில் கழுத்தை அமுக்கும். உடலைத் தொடாது, மசகும் வேண்டாம். முழுநீள டையின் கம்பியில் இருக்கும், கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் குமிழை இழுத்துக் கழுத்தைக் கோணலாக்கும் வேலையும் இல்லை. லீ டீலக்ஸ் செட்டில் முழுநீளம், கொலெட், சன்னம் அமர்த்தும் டை மூன்றும் வரும். பேஸ்செட்டரில் கொலெட் இல்லை, அதற்குப் பதில் கூட்டின் வாயைச் சன்னத்தின் மேல் இறுக்கும் ஃபெக்டரி கிரிம்ப் டை.

ஒரு எச்சரிக்கை. கூடு இல்லாமல் கொலெட் டையை அமுக்கவே கூடாது. விரல்கள் உள்ளே மடிந்து நெரிந்துவிடும், பிறகு கூடு நுழையாது.

---

தென்தீவு_திரும்பி (பண்டாரவளை)

கொலெட் டை நல்லதுதான், மறுக்கவில்லை. இலக்குச் சுடுவதற்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் தம்பியின் அண்ணன் மலையில் வரையாட்டுக்குப் பின்னால் போகிறவர். கழுத்தை மட்டும் சைஸ் பண்ணிய கூடு ஒவ்வொரு வெடிக்கும் சேம்பரை இன்னும் நெருங்கி ஒட்டும். மூன்று நாலு சுற்றில் போல்ட் கடிக்கத் தொடங்கும், அப்போது எப்படியும் முழுநீள டைதான் வேண்டும். மழையும் மண்ணும் கையுறையுமாக இருக்கும்போது இரண்டாவது தோட்டா ஏறாமல் நின்றால் ஆடு அடுத்த மேட்டுக்குப் போயிருக்கும். வேட்டைத் தோட்டாவுக்கு முழுநீளம், 0.05 மி.மீ. டீலக்ஸ் செட் எடுத்தால் இரண்டும் கையில் இருக்கும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். கிரிம்ப் டை .308 போல்ட்டில் பெரும்பாலும் தேவைப்படாது.

மசகு பற்றி யாரும் சொல்லவில்லை. முழுநீள டைக்கு மசகு இல்லாமல் ஒரு கூடு போட்டால் அது டைக்குள்ளேயே குடியிருக்கும். ராமைக் கீழே இழுத்தால் ஷெல் ஹோல்டர் அடி விளிம்பைக் கிழித்துக்கொண்டு இறங்கும். மலிவான வழி: திரவ லானோலின் ஒரு பங்கு, 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் பத்துப் பங்கு, தெளிப்பான் போத்தலில் கலக்கி, தட்டில் பரப்பிய கூடுகளின் மேல் அடித்து உருட்டிவிடுங்கள். அல்ககோல் முழுக்க ஆவியாக ஐந்து நிமிஷமாவது விடவேண்டும், ஈரமாகப் போட்டால் வழுக்காது. நெருப்புப் பக்கம் வேண்டாம். கழுத்தின் உள்ளேயும் கொஞ்சம் படவேண்டும். ராம் இறங்கும்போது கிரீச்சென்று சத்தம் கேட்டால் உள்ளே காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், குமிழ் கழுத்தை இழுத்து நீட்டுகிறது.

கூடிப்போனாலும் கெடுதி. எண்ணெய் நசுங்காது. போக இடமில்லாமல் தோளில் பள்ளம் போட்டுவிடும். சின்னப் பள்ளம் அடுத்த வெடியில் நிமிரும், கூர்மையாக மடிந்திருந்தால் வீசிவிடுங்கள். டையின் பக்கத்தில் காற்றுப் போகும் சின்னத் துளை இருக்கும், அது அடைபட்டாலும் இதே பள்ளம் வரும். புது டையின் உள்ளே துருப்பிடிக்காமல் பூசிய எண்ணெய் இருக்கும், முதல் கூட்டுக்கு முன் துடைத்துவிடுங்கள்.

---

பழைய_பிட்டர் (தலவாக்கலை)

சிக்கிய கூட்டை எடுக்கும் விதம்: பிரஸ் கைப்பிடியில் தொங்காதீங்க, சுத்தியலும் வேண்டாம். லீயில் மேல் நட்டைத் தளர்த்தி, கம்பியை மேலிருந்து மெதுவாகத் தட்டினால் பல தடவை கூடு வெளியே வரும். வராவிட்டால் ஊசிக் கம்பியை மேலே தூக்கி ஒதுக்கி, கூட்டின் அடியில் பிரைமர் குழி வழியாகத் துளை போட்டு 1/4 அங்குலம் 20 மரை டெப் அடியுங்க. மேலே ஒரு குழாய்த் துண்டும் வொஷரும் வைத்து போல்ட் போட்டு இறுக்க இறுக்கக் கூடு தானாக இழுபட்டு வரும். M6 டெப் இருந்தாலும் வேலை நடக்கும்.

நீளம் வெட்டுவது அடுத்தது. .308 கூட்டின் உச்ச நீளம் 51.18 மி.மீ. அதற்குப் பக்கமாக வந்தால் 50.93க்கு வெட்டவேண்டும். சைஸ் பண்ணிய பிறகுதான் அளக்கவேண்டும், முன்னால் அளந்தால் பிரயோசனமில்லை, சைஸ் பண்ணும்போதுதான் நீளும். நீளம் கூடினால் வாய் சேம்பரின் நுனியில் முட்டிச் சன்னத்தை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். லீயில் .308க்கென்றே ஒரு கேஜ் கம்பியும் வெட்டியும் விற்கிறார்கள், கையாலோ டிரில்லாலோ சுற்றலாம், கம்பி அடியில் முட்டியதும் வெட்டுவது நிற்கும். மலிவுக்கு அதைவிட நல்லது தெரியாது. வெட்டியபின் வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுக்கவேண்டும். உள் விளிம்பு கூராக இருந்தால் சன்னத்தைச் சுரண்டும்.

கழுவுவது: பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற அதே சூத்திரம்தான், ஆனால் அளவோடு. பிரைமரைத் தட்டியபின், ஒரு லீட்டர் சுடுநீருக்கு ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பத்து நிமிஷம். நன்றாக அலசி, உள்ளே சொட்டு ஈரமில்லாமல் காயவேண்டும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து கூடு இளஞ்சிவப்பாகும். தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சிவப்பாகத் தெரிகிறது என்றால் மேல் தோலில் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

விளக்கு பொலிஷ் போட்டுவிடாதீங்க, பல வகையில் அமோனியா இருக்கும். இழுவிசை உள்ள பித்தளையை அமோனியா தானாக வெடிக்க வைக்கும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அமோனியாதான் காரணம் என்று 1921இல்தான் கண்டுபிடித்தார்கள். நீங்க போவது பால் பண்ணை. மாட்டுக் கொட்டிலிலோ யூரியா மூட்டை அடுக்கிய அறையிலோ கூட்டுப் பெட்டியை வைக்கவேண்டாம்.

---

மல்லியப்பூ_சந்தி (ஹட்டன்)

கொட்டில் பக்கத்து ஸ்டோரில்தான் மேசை போட நினைத்திருந்தார்! சொல்லிவிடுகிறேன். கடைசியாக இரண்டு: கூட்டை எப்போது கழிப்பது? சன்னம் அமர்த்தும் டையைப் பொருத்தும்போது என்ன கவனிக்கவேண்டும்?

---

தென்தீவு_திரும்பி (பண்டாரவளை)

கழிக்கவேண்டிய கூடு: கழுத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால், உடனே. புதுப் பிரைமர் கைவிரல் பலத்தில் உள்ளே போனால், குழி தளர்ந்துவிட்டது, உடனே. அடிக்கு மேலே பளபள வளையம் தெரிந்தால், பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியைச் சின்னதாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுங்கள். 8 முதல் 10 மி.மீ உயரத்தில் நகம் போல எங்காவது தட்டினால் உள்ளே வாய்க்கால் விழுந்துவிட்டது. வளையம் டை உரசியதால் வந்த வெறும் கோடாகவும் இருக்கலாம், கிளிப்தான் தீர்ப்பு சொல்லும். கழித்ததைப் பிளையரால் நசுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி பெட்டிக்குள் வந்துவிடும். 50 50ஆகப் பிரித்து, பெட்டியில் எத்தனையாவது தடவை என்று எழுதிவையுங்கள்.

சன்னம் அமர்த்தும் டைக்குள் கிரிம்ப் பண்ணும் விளிம்பு ஒன்று மறைந்திருக்கிறது. அது தெரியாமல் டையைக் கீழே இறக்கினால், சன்னம் இறங்கும்போதே வாயை அது அமுக்கி, தோள் பக்கம் பிதுங்கும். கண்ணுக்குத் தெரியாத பிதுங்கல்கூட துவக்கில் ஏறாது. சைஸ் பண்ணிய வெறுங்கூட்டை ஏற்றி, டையைத் தட்டும்வரை இறக்கி, அங்கிருந்து ஒரு சுற்று மேலே தூக்கிப் பூட்டுங்கள். ஆழத்தை மேலேயுள்ள திருகாணியால் மட்டும் சரிசெய்யுங்கள். எந்த ஆழம் என்பது சன்னத்துக்குச் சன்னம் வேறு, கையேட்டில் இருக்கும் மொத்த நீளத்திலிருந்து தொடங்கி, மெகசினில் போகிறதா என்று பாருங்கள்.

---

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. மருந்தின் பெயர், எடை பற்றி யாரும் இங்கே கேட்கவோ எழுதவோ வேண்டாம். அதை மருந்துக் கம்பனியின் அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுக்கவேண்டும், தொடக்க அளவிலிருந்து.

---

எட்டாம்_நம்பர்_மலை (நானுஓயா)

பட்டியல் கேட்டாரே, யாரும் போடவில்லை. லீ டீலக்ஸ் .308 செட், அதோடு ஷெல் ஹோல்டர் வருகிறதா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்க. ஹோர்னடி லொக் ரிங் 3. கேஸ் கேஜ், கெலிப்பர், ஃபீலர் கேஜ். லீ நீளக் கம்பியும் வெட்டியும், பிசிறு எடுக்கிறது. லானோலின், அல்ககோல். தராசு, கையேடு. 20 தோட்டாப் பெட்டி ஐந்து, ஒரே லொட். காசு மிஞ்சினால் பிரைமர் போடும் கைக்கருவி ஒன்று, பிரைமர் குழியின் விளிம்புக்கு மேலே நிற்காமல் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க அது சுலபம்.

---

மல்லியப்பூ_சந்தி (ஹட்டன்)

அப்படியே படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். ஐந்து பெட்டியும் ஒரே லொட்டில் எடுக்க இன்றைக்கே கடைக்குப் போகிறாராம். கையேடு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறதாம், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

---

பழைய_பிட்டர் (தலவாக்கலை)

அதைப் பிரித்து முன்பக்க அத்தியாயங்களைப் படிக்கச் சொல்லுங்க, அட்டவணைக்குப் போவதற்கு முன்னால்.